“இடையில தெளிவு வாரதா?” – மனச்சிதைவும் அறிவின் அளவும்: ஒரு வரலாற்று நோக்கு

வலப்பனைப் பிரதேசத்துக் கடைத்தெரு ஒன்றில், நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஒரு பெரியவர் இருந்தார். கடை முதலாளியின் மூத்த சகோதரர். ஊருக்கே அவர் ‘நானா’தான், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, நம் கண்ணுக்குத் தெரியாத யாரோடோ கதைத்துக்கொண்டிருப்பார். அடுப்பில் கேத்தலை வைத்தால், தண்ணீர் வற்றிக் கருகும்வரை இறக்க மாட்டார். தேத்தண்ணி ஊற்றுகிற வரிசைகூட அவருக்குக் கைகூடவில்லை. ஆனால் மேலே தோட்டத்து லயங்களில் யாருக்கு எவ்வளவு கடன் என்ற கணக்கு முழுதும் அவர் தலைக்குள் இருந்தது. சம்பள நாளில் கடன் கொப்பியைத் திறக்குமுன்பே, “ஏழாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா, மா ரெண்டு கிலோ, மண்ணெண்ணெய் ஒரு போத்தல்” என்று சொல்லிவிடுவார். கொப்பியைப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அவர்களின் வாப்பா மௌத்தான பிறகு கடையை விற்கும் பேச்சு வந்தது. “அவருக்கெங்க புத்தி? அவர்ட கையெழுத்து எதுக்கு?” என்றார்கள் வீட்டார். விஷயம் பள்ளிவாசல் மௌலவியிடம் போனது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எல்லா நேரமும் இப்படியேதானா? இடையில தெளிவு வாரதா?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அதை யாரும் கவனித்துப் பார்த்திருக்கவில்லை.

அந்தக் கேள்வி மௌலவியின் சொந்தக் கற்பனை அல்ல என்பது எனக்குப் பல வருஷங்களுக்குப் பின்தான் விளங்கியது. அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஸ்கிட்சோப்ரீனியா என்று டாக்டர்மார் சொல்லும் மனச்சிதைவு நோயில் அறிதிறன் ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுகிறது என்று இன்று ஆய்வுகூடங்களில் அளக்கிறார்கள். அந்த அளவைகளையும் மௌலவியின் கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய அரபு நூல்களில் வரும் ‘மஜ்னூன்’ எல்லாரும் இன்றைய மனச்சிதைவு நோயாளிகள் என்று சொல்லிவிட முடியாது. வலிப்பு, மூளைக்காய்ச்சல், கடும் துயரம், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியிருத்தல் ஆகிய எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் வந்திருக்கக்கூடும். ஆனால் புத்தி தவறியவரின் புத்தி எவ்வளவு தவறியது, எதில் தவறியது என்ற கேள்வி அப்போதே கேட்கப்பட்டது. நாம் பார்க்கப்போவது அந்தக் கேள்வியின் பயணத்தை.

எந்தச் சக்தி கெட்டது?

கிரேக்க வைத்தியர் ஜாலீனூஸ், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒருவர் தியோபிலஸ் என்ற வைத்தியர். நோயில் கிடந்தபோது வீட்டின் மூலையில் குழல் ஊதுவோர் நிற்பதாகக் கண்டார். அவர்களை வெளியேற்றச் சொல்லிக் கத்தினார். மற்றபடி வந்தவர்களை அடையாளம் கண்டு ஒழுங்காகப் பேசினார். இன்னொருவர் கண்ணாடிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பெயரைச் சரியாகச் சொல்லி, வீதியில் போவோரிடம் எறியட்டுமா என்று கேட்டு ஜன்னலால் எறிந்தார். முதலாமவருக்குக் காட்சி பிழைத்தது, சிந்தனை பிழைக்கவில்லை. இரண்டாமவருக்குக் காட்சி சரி, சிந்தனை பிழை.

9ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஜாலீனூஸின் நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றைப் படித்து வளர்ந்த வைத்திய மரபில் இப்னு ஸீனா (980–1037) மனத்தின் உள்புலன்களைத் தனித்தனியாகப் பிரித்தார்: கற்பனையைக் காப்பது ஒன்று, சிந்திப்பது ஒன்று, ஞாபகம் வைத்திருப்பது ஒன்று. மூளையின் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று அவற்றுக்கு இடமும் சொன்னார். அந்த இட வரைபடத்தை இன்றைய உடற்கூற்று விஞ்ஞானம் ஏற்பதில்லை. ஆனால் ஒரு சக்தி கெட்டாலும் மற்றது நிற்கலாம் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. கேத்தலைக் கருகவிட்டுக் கடன் கணக்கை மறக்காத நானாவை இப்னு ஸீனாவிடம் காட்டியிருந்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

எப்போது? எந்த வேலையில்?

வைத்தியர்கள் சக்திகளைப் பிரித்தபோது, ஃபுகஹாக்கள் காலத்தைப் பிரித்தார்கள். அவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. தொழுகை கடமையா, விற்பனை செல்லுமா, வஸிய்யத் நிற்குமா, மஹர் யார் கையில் கொடுப்பது என்று அன்றாடம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தூங்குபவர் விழிக்கும்வரை, குழந்தை பருவமடையும்வரை, புத்தி தவறியவர் தெளியும்வரை அவர்களின் செயல்கள் எழுதப்படுவதில்லை என்ற கருத்திலமைந்த ஹதீஸ் அவர்களின் தொடக்கப்புள்ளி. அதிலேயே ‘தெளியும்வரை’ என்ற எல்லை இருக்கிறது. ஆகவே விடாமல் தொடரும் ஜுனூன் வேறு, விட்டுவிட்டு வரும் ஜுனூன் வேறு என்று பிரித்தார்கள். விட்டுவிட்டு வருபவர் தெளிந்திருக்கும் நேரத்தில் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லும். ஹனபி நூல்கள் இரண்டுக்கும் இடையே ‘மஃதூஹ்’ என்று இன்னொரு படியையும் வைத்தன: புத்தி முற்றாகப் போகவில்லை, ஆனால் விளக்கம் குறைவு, பேச்சு குழம்பும், நிர்வாகம் சரிவராது. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டக்கோவையிலும் இந்தப் பிரிவுகள் இடம்பிடித்தன.

மௌலவியின் கேள்வி வந்த இடம் இதுதான்.

நம் நாட்டுச் சோனகர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸூரத்துந் நிஸாவின் 5ஆம், 6ஆம் வசனங்கள் விவேகம் குறைந்தோரிடம் சொத்தை ஒப்படைத்துவிட வேண்டாம் என்கின்றன. அதே மூச்சில் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து நல்ல வார்த்தை சொல்லவும், அநாதைகளைச் சோதித்துப் பார்த்து விவேகம் தெரிந்தால் அவர்களின் பொருளைக் கொடுத்துவிடவும் சொல்கின்றன. அந்தச் சோதனை எப்படி? இமாம் நவவி (மறைவு 1277) தம் மின்ஹாஜில் சொல்லும் வழி அலாதியானது. வியாபாரியின் மகனை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் மகனை விவசாயத்திலும் கூலியாட்களுக்குச் செலவிடுவதிலும். கைத்தொழில்காரனை அவன் தொழிலில். ஒரு தடவை போதாது, இரண்டோ அதற்கு மேலோ திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். இது பருவமடையும் பிள்ளைகளைப் பற்றிய சட்டம். நோயாளிகளைப் பற்றியது அல்ல. ஆனாலும் ஒருவரின் புத்தியை அவருக்குப் பழக்கமான வாழ்க்கைக்குள் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்ற பார்வை அதில் தெளிவாக இருக்கிறது.

நடைமுறையிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் அஹ்மத் இப்னு தூலூன் கட்டிய பீமாரிஸ்தானில் புத்தி தவறியவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1284இல் ஸுல்தான் கலாவூன் அதே நகரில் கட்டிய பெரும் வைத்தியசாலையிலும் அவ்வாறே. நைஸாபூரி (மறைவு 1015 அளவில்) என்ற அறிஞர் ‘உகலாஉல் மஜானீன்’, அதாவது ‘பைத்தியக்காரருள் அறிவாளிகள்’ என்ற தலைப்பில் ஒரு நூலே தொகுத்தார். பஹ்லூல் கதைகளை நம் பெரியவர்கள் அறிவார்கள். இதையெல்லாம் பொற்காலமாக்கிப் பேசவும் கூடாது. அந்த பீமாரிஸ்தான்களில் சங்கிலியும் இருந்தது. பஹ்லூலைப் பார்த்துச் சிரித்த அதே தெருவில் சிறுவர்கள் கல்லும் எறிந்தார்கள்.

இலங்கையில் ஒரே கதவு

ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தீவில் எழுந்த ஏற்பாடு வேறு மாதிரி. 1839இல் புத்தி பேதலித்தோருக்கான முதல் கட்டளைச்சட்டம் வந்தது. தனிக் கட்டடம் இல்லாமல் ஆரம்பத்தில் அவர்கள் ஹெந்தளை தொழுநோயாளர் விடுதியில் வைக்கப்பட்டார்கள். 1847இல் பொரளையில் ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிபதி விசாரித்து ஒருவர் புத்தி சுவாதீனமுள்ளவரா இல்லையா என்று தீர்மானிப்பார். உண்டு அல்லது இல்லை. இடைப்பட்ட படிகளுக்கு அந்த வாசலில் இடம் குறைவு. 1926இல் அங்கொடை வைத்தியசாலை வந்தது. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வர்ட் மபோதர் 1930களின் கடைசியில் இங்கு வந்து பார்த்து, இடநெருக்கடியைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை எழுதினார். மலையகத்திலிருந்து அங்கொடைக்குப் போனவர் ஒரு முழுநாள் பயணத் தூரத்துக்கு அப்பால் போனார். நம் பேச்சில் ‘அங்கொடை’ என்பது ஊரின் பெயராக இல்லாமல் வசவாக மாறியது. அந்த வசவில் அளவு கிடையாது, நேரம் கிடையாது. போனவர் போனவர்தான்.

ஐரோப்பிய வைத்தியத்திலும் அந்தக் காலத்துப் போக்கு இதுவே. ஜெர்மனியின் எமில் கிரேப்லின் 1890களில் இந்நோயை வகைப்படுத்தி ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்றார்: இளவயதில் வரும் புத்தித் தேய்வு. பெயரிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. சுவிட்சர்லாந்தின் ஒய்கன் புளூலர் 1908இல் அந்தப் பெயரை மாற்றி ஸ்கிட்சோப்ரீனியா என்றார். எல்லாரும் தேய்ந்துபோவதில்லை, ஞாபகமும் புலனறிவும் நேரடியாகக் கெடுவதில்லை, எண்ணங்களைக் கோக்கும் இழைதான் அறுகிறது என்பது அவர் வாதம். அதன்பின் நீண்டகாலம் வைத்தியத்தின் கவனம் அசரீரிக் குரல்களிலும் சந்தேகங்களிலுமே நின்றது. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்தின் பலன் கண்டறியப்பட்டபோது அடங்கியவையும் அவையே. குரல் அடங்கிய பிறகும் பலரால் வேலைக்குத் திரும்ப முடியாமல் போனது ஏன் என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

அளந்து பார்த்தபோது

அந்தக் கேள்விக்கான விடையை 1990களில் அறிதிறன் பக்கம் தேடினார்கள். கவனம், வேகம், கேட்டதை மனதில் வைத்துக் கையாளுதல், சொற்களை நினைவில் வைத்தல், திட்டமிடுதல், மற்றவர் முகக்குறிப்பை விளங்குதல் ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் இந்நோயாளிகள் மற்றவர்களைவிடக் கணிசமாகப் பின்தங்கியிருந்தார்கள். பலருக்கு இந்தக் குறை, குரல் கேட்பதற்குப் பல வருஷம் முன்பே, பள்ளிக்கூடக் காலத்திலேயே தொடங்கியிருந்தது. அன்றாட வாழ்க்கையும் தொழிலும் எப்படி அமையும் என்பது குரல்களைவிட இந்தத் திறன்களோடு நெருங்கிய தொடர்புடையது என்றும் தெரியவந்தது.

ஆனால் சராசரி என்பது ஒரு கூட்டத்தின் கதை. 1997இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பார்மரும் கூட்டாளிகளும் 171 வெளிநோயாளரைச் சோதித்தபோது, நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோரின் பெறுபேறு சாதாரண எல்லைக்குள் இருந்தது. 2000ஆம் ஆண்டில் வைக்கர்ட்டும் கூட்டாளிகளும் 117 பேரைப் பார்த்து மூன்று வழிகள் கண்டார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய்க்கு முன்பிருந்த நிலையிலிருந்து அறிவு மட்டம் இறங்கியிருந்தது. கால்வாசிப்பேர் சிறுவயதிலிருந்தே தாழ்ந்த மட்டத்தில் இருந்தவர்கள். மற்றக் கால்வாசிப்பேரிடம் இறக்கம் தென்படவில்லை. இந்தக் கடைசிக் கூட்டத்திலும் கவனம் போன்ற சிலவற்றில் நுண்ணிய குறை இருக்கலாம். சோதனையில் ‘சாதாரணம்’ வந்தவர்கூட நோய் வராதிருந்தால் இன்னும் மேலே இருந்திருக்கலாம். கணித மேதை ஜோன் நாஷ் இந்நோயோடு பல்லாண்டு போராடி 1994இல் நோபல் பரிசு பெற்றார். அவரை எல்லாருக்கும் உதாரணமாக்குவது, கஷ்டப்படும் மற்றவர்களுக்கு அநியாயம். அவர் அந்த வரிசையின் ஒரு முனை, அவ்வளவே.

ஒரே பெயருள்ள நோய் ஒருவரின் ஞாபகத்தை அரித்து இன்னொருவரின் ஞாபகத்தைத் தொடாமல் விடுகிறது.  இவ்வளவு கருவிகளோடு வந்துசேர்ந்த முடிவு இது.

மலையகத்தின் தராசு

இனி நம் பக்கம். அறிதிறன் சோதனைகளில் பல, பென்சில் பிடித்துப் பழகிய கைக்கும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பழகிய மனதுக்கும் ஏற்றவை. ராகலை, உடப்புசல்லாவைத் தோட்டங்களில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் அதில் குறைந்த புள்ளி எடுத்தால், எவ்வளவு நோயினால், எவ்வளவு பள்ளிக்கூடம் இல்லாததால் என்று பிரிப்பது எளிதல்ல. சோதிப்பவரின் மொழி ஒன்று, நோயாளியின் மொழி ஒன்று என்றால் இன்னும் சிக்கல். சிலருக்கு, நடுக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் பென்ஸெக்சால் போன்ற குளிசையும் ஞாபகத்தை மங்கவைக்கும். அதற்காக யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோயாளிக்குச் சொல்ல வாய் வராவிட்டால் கூடப்போகிறவர் சொல்ல வேண்டும்.

தோட்டத்துக்கென்று ஒரு தராசும் உண்டு. அன்றைய நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். வேகம் குறைந்த ஒருவரின் நோய் இங்கே நேரே சம்பளத்தில் விழுகிறது. அவரே ஒரே மாதிரியான வேலையை, யாரும் அவசரப்படுத்தாமல் விட்டால், நாள் முழுதும் பிழையின்றிச் செய்யக்கூடியவராக இருக்கலாம். ஆனால் தராசு வேகத்தை மட்டும் கேட்கிறது. நம் கடைகளிலும் அப்படித்தான்: கல்லாவில் நிற்க முடியாதவரை மூட்டை அடுக்கவும் கூப்பிடுவதில்லை.

நான்சி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கை நோயாளிகள் 44 பேரை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து 1979இல் எழுதினார். மேல்நாட்டைவிட இங்கே பலர் நன்றாகத் தேறியிருந்தார்கள். குடும்பம் நோயாளியை நிரந்தர நோயாளியாக ஒதுக்காமல் வேலைக்குள் திரும்ப எடுத்துக்கொள்வது ஒரு காரணம் என்றார். சென்னையில் தாராவும் கூட்டாளிகளும் 1981–82இல் முதன்முதல் நோயுற்ற 90 பேரைப் பின்தொடரத் தொடங்கிப் பத்தாண்டு முடிவில் 76 பேரை மீண்டும் கண்டபோதும், பலர் வேலையிலும் குடும்பத்திலும் இருந்தார்கள். இதை வைத்து ஏழை நாடுகளில் நோய் இலேசானது என்று பேசுவது பிழை என்று 2008இல் கோஹன், பட்டேல், தாரா, குரேஜே ஆகியோர் மறுத்தெழுதினார்கள். இரண்டு தரப்பையும் படித்தால் எனக்குப் படுவது: குடும்பம் இடம் கொடுத்தால் மிஞ்சியிருக்கும் திறன் பிழைக்கும்; கொடுக்காவிட்டால் எங்கேயும் பிழைக்காது.

இடம் கொடுக்காததன் எல்லையையும் நாம் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை, தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களுக்கான ஒரு தனியார் விடுதி தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களுள் நெருப்பைக் கண்டு, ஆபத்தென விளங்கி, கதவை நோக்கி ஓடியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? எல்லாரையும் ஒரே மாதிரிக் கட்டியிருந்தார்கள். ஸியாரத்துக்குப் போவதையோ ஓதிப்பார்ப்பதையோ நான் இங்கு விவாதிக்கவில்லை. ஓதிய தண்ணீரோடு குளிசையும் கொடுக்கலாம் என்று சொல்லும் ஆலிம்கள் நம்மிடையே இருக்கிறார்கள். என் கவலை அந்தச் சங்கிலியைப் பற்றியது. இரும்பில் இல்லாவிட்டாலும், “அவருக்கெங்க புத்தி?” என்ற சொல்லில் அது நம் வீடுகளிலும் கிடக்கிறது.

ஜமாஅத்துக்கும் காதி நீதிமன்றத்துக்கும் குடும்பத்துக்கும் இதில் வேலை உண்டு. பராயத்தில் நோய்வாய்ப்பட்டவரின் வாரிசுப் பங்கு ஒருபோதும் இல்லாமற்போவதில்லை. அதைப் பொறுப்பாளர் காப்பார், தின்ன மாட்டார். விவாகம், விவாகரத்து, விற்பனை எதுவானாலும், நோயின் பெயரைக் கேட்டதும் முடிவெடுக்காமல், எதில் குறை, எப்போது தெளிவு, அவருக்குப் பழகிய வேலையில் எப்படி என்று விசாரிக்கலாம். டாக்டரின் கடிதமும் வேண்டும், வீட்டாரின் கவனிப்பும் வேண்டும். ஒரு தடவை பார்த்தது போதாது என்று நவவி இமாம் சொன்னது இதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

நானாவின் கதையை முடிக்கிறேன். மௌலவி அடுத்தடுத்து மூன்று காலை ஸுப்ஹுக்குப் பிறகு கடைப்பக்கம் வந்து அவரோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கடை விற்பதைப் பற்றிக் கேட்டார். நானா விலையைக் கேட்டார், வாங்குகிறவர் யாரென்று கேட்டார். அந்த ஆள் 1,200 ரூபாய் பாக்கி வைத்திருப்பதை ஞாபகப்படுத்தினார். பிறகு, “பின்னறையைக் குடுக்க வேணாம். நான் அங்கதான் படுக்கிறது” என்றார். கடை விற்கப்பட்டது. பின்னறை, அவர் மௌத்தாகும்வரை, எழுத்தில் அவருக்கே இருந்தது. பாக்கியும் விலையோடு சேர்த்து வாங்கப்பட்டது.